புல்வெளியில் வட்டமாக வெள்ளைக் குடைகள்: காளானை அடையாளம் காண எங்கே ஆரம்பிப்பது?

மாடித்தொட்டி, நங்கநல்லூர்:

எல்லாருக்கும் வணக்கம். எங்கள் குடியிருப்பின் முன்பக்கம் சின்னதாக ஒரு புல்வெளி உண்டு. நாலு நாள் விடாமல் மழை பெய்து நேற்றுதான் கொஞ்சம் வெயில் எட்டிப் பார்த்தது, இன்று காலை பால் வாங்க இறங்கினால் புல்லில் வட்டம் போட்டது போல 17 காளான்கள். முந்தின நாள் சாயங்காலம் அந்த வழியாகத்தான் நடந்தேன், அப்போது ஒன்றும் கண்ணில் படவில்லை. பெரியது என் உள்ளங்கையை விரித்து வைத்தாலும் மூடாத அகலம். வெள்ளைத் தொப்பி, அதன் நடுவில் பழுப்பாகத் திட்டுத் திட்டாகச் செதில். தண்டில் மோதிரம் மாதிரி ஒரு வளையம், விரலால் தள்ளினால் மேலும் கீழும் நகர்கிறது. அடிப்பக்கத்து மடிப்புகள் வெள்ளையாகத்தான் இருந்தன.

எங்கள் வாட்ச்மேன் அண்ணன் திருவண்ணாமலைப் பக்கத்துக்காரர். பார்த்ததும் முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. "இது புத்துக்காளான்மா, ஊர்ல மழை விட்டதும் கூடை கூடையா பறிப்போம், குழம்பு வெச்சா கறிக்குழம்பு பக்கத்துல வர முடியாது" என்று சொல்லிக்கொண்டே நாலைந்தைப் பிடுங்கிவிட்டார். எனக்கு மனசு ஒப்பவில்லை. "இன்னிக்கு ஒரு நாள் பொறுங்கண்ணா, கேட்டுச் சொல்றேன்" என்று எல்லாவற்றையும் வாங்கி வைத்திருக்கிறேன். போனில் இருக்கிற ஆப் மூன்று படத்துக்கு மூன்று பெயர் சொல்கிறது, அந்தப் படங்களை இங்கேயும் போட்டிருக்கிறேன்.

இதோடு சேர்த்து ஒரு வருஷமாக மனதில் கிடக்கிற விஷயத்தையும் கேட்டுவிடுகிறேன். மாடியில் 40 தொட்டி வைத்திருக்கிறேன். கத்தரிச் செடித் தொட்டி ஒன்றில் மழைக்கு அப்புறம் நல்ல எலுமிச்சை மஞ்சளில் குட்டிக் குட்டிக் குடைகள் வருகின்றன. இன்னொன்றில் தென்னைநார்க் கழிவுக்கு மேல் சட்டைப் பொத்தான் அகலத்தில் கிண்ணங்கள், உள்ளே கருப்பு உளுந்தைப் போட்டு வைத்தது போல இருக்கும். செடிக்கு நோய் வந்துவிட்டதோ என்று பயந்து போன வருஷம் ஒரு தொட்டி மண்ணை அப்படியே கொட்டிவிட்டேன். என் பெண் ஏழாவது படிக்கிறாள், அவள் கேட்டாள்: "இது இங்க என்னம்மா பண்ணுது?" பெயர் தெரியாதது கூட எனக்குப் பெரிதாகப் படவில்லை, இந்தக் கேள்விக்கு ஒரு வரி பதில் சொல்ல முடியாமல் நின்றதுதான் உறுத்துகிறது. சென்னையில் இருந்துகொண்டு இதையெல்லாம் ஒழுங்காகக் கற்றுக்கொள்ள முடியுமா? எதிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்?


பழைய மைக்ராஸ்கோப்:

வணக்கம்மா. 30 வருஷம் தாவரவியல் சொல்லிக்கொடுத்தவன் என்ற உரிமையில் முதலில் ஒன்று: அந்தக் காளானை யாரும் சாப்பிட வேண்டாம். வாட்ச்மேன் அண்ணனிடம் இப்போதே போய்ச் சொல்லிவிட்டு வந்து மீதியைப் படியுங்கள்.

சரி. படத்தைப் பார்த்தால் என் சந்தேகமெல்லாம் குளோரோஃபில்லம் மாலிப்டைட்டிஸ் மேல்தான் போகிறது. வெப்பமான ஊர்களில் மழைக்குப் பின் புல்வெளியில் வருகிற காளான், காளான் சாப்பிட்டு வயிறு கெட்டவர்களில் நிறையப் பேர் இதைச் சாப்பிட்டவர்களாக இருப்பார்கள். இளசாக இருக்கும்போது இதன் மடிப்புகள் வெள்ளையாகவே இருக்கும், அதில்தான் எல்லாரும் ஏமாறுகிறார்கள். முற்றிய பிறகுதான் வித்துத்தூள் இறங்கி மடிப்பு பச்சை கலந்த சாம்பல் நிறத்துக்கு மாறும். படத்தை வைத்து நான் அடித்துச் சொல்ல மாட்டேன், நீங்களே இன்று ராத்திரி சோதித்துப் பார்க்கலாம். நன்றாக விரிந்த ஒன்றின் தண்டை வெட்டி எடுத்துவிட்டு, பாதி வெள்ளை பாதி கருப்பாக இருக்கிற தாளில் மடிப்புப் பக்கம் கீழே பார்க்கும்படி தொப்பியை வையுங்கள். மேலே ஒரு கண்ணாடிக் கிண்ணத்தைக் கவிழ்த்துவிடுங்கள், காற்று படக்கூடாது. காலையில் தொப்பியை மெதுவாகத் தூக்கினால் சக்கரத்தின் ஆரங்கள் மாதிரி தூள் படிந்திருக்கும். வெள்ளைத் தூள் கருப்புத் தாளில்தான் தெரியும், மற்ற நிறங்கள் வெள்ளைத் தாளில் தெரியும், அதற்காகத்தான் இரண்டு நிறம். தொப்பியின் மேல்பக்கத்து நிறம் வெயிலுக்கும் மழைக்கும் மாறும், வித்துத்தூளின் நிறம் அப்படி மாறாது. தொட்டால் ஒன்றும் ஆகாது, பயப்படாதீர்கள், கையைக் கழுவினால் போதும்.

இப்போது உங்கள் பெண்ணின் கேள்வி. இத்தனை வருஷத்தில் என்னிடம் வந்த பிள்ளைகள் முதலில் "இது பேர் என்ன சார்?" என்பார்கள், அடுத்து "சாப்பிடலாமா?" என்பார்கள். இங்கே என்ன பண்ணுகிறது என்று கேட்டவர்கள் ரொம்பக் குறைவு. அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனால் பெயரும் தன்னால் வந்து சேரும். காளானைப் பார்த்ததும் குடையை விட்டுவிட்டு அது எதன்மேல் உட்கார்ந்திருக்கிறது என்று பாருங்கள், மண்ணா, பட்டுப்போன கட்டையா, உயிருள்ள மரமா, சாணமா, கறையான் புற்றா? கண்ணுக்குத் தெரிகிற குடை மாங்காய் மாதிரி, மரம் முழுக்க மண்ணுக்குள் வெள்ளை இழைகளாக ஓடிக்கொண்டிருக்கிறது. அந்த இழைதான் பூஞ்சை. நீங்கள் நடந்துபோன அந்தச் சாயங்காலமே புல்லுக்கு அடியில் மொட்டுகள் தயாராக இருந்திருக்கும், அவை ராத்திரியில் தண்ணீரை உறிஞ்சி உப்பி மேலே வந்தன. வட்டமாக ஏன் வருகிறது தெரியுமா? நடுவில் ஒரு புள்ளியில் ஆரம்பித்த இழை நாலு பக்கமும் ஒரே வேகத்தில் பரவிக்கொண்டே போகிறது, ஓரத்தில்தான் புது இழை, அங்கேதான் காய்ப்பு. அந்த ஓரத்தில் புல் மற்ற இடத்தைவிடக் கரும்பச்சையாக இருக்கிறதா என்று பாருங்கள். பூஞ்சை மட்கவைத்து விடுகிற நைட்ரஜனைப் புல் குடிப்பதால் அப்படி ஆகும். அதாவது உங்கள் புல்வெளியில் காய்ந்து விழுகிற புல்லையும் சருகையும் மண்ணாக்குகிற வேலையை இது செய்கிறது.

தொட்டிக்கு வருகிறேன். அந்த மஞ்சள் குடை லியூக்கோகோப்ரைனஸ் பிர்ன்பாமியை, தொட்டி மண்ணில் இருக்கிற மட்கைச் சாப்பிட்டு வாழ்கிறது, கத்தரிக்கு ஒரு கெடுதலும் இல்லை, ஆனால் அதையும் வாயில் வைக்கக்கூடாது, சின்னக் குழந்தைகள் மாடிக்கு வந்தால் கிள்ளி எறிந்துவிடுங்கள். கிண்ணத்தில் உளுந்து இருக்கிறதே, அதற்குப் பறவைக்கூட்டுக் காளான் என்று பெயர், சையாத்தஸ் இனமாக இருக்கலாம். அந்த 'உளுந்து' ஒவ்வொன்றும் ஒரு வித்துப் பொட்டலம். மழைத்துளி ஒன்று சரியாகக் கிண்ணத்துக்குள் விழுந்தால் அந்த வேகத்தில் பொட்டலம் வெளியே தெறித்து ஒரு மீட்டர் தூரம்கூடப் போகும். வாலில் ஒட்டும் நூல் இருக்கும், போகிற வழியில் இலையோ குச்சியோ பட்டால் சுற்றிக்கொள்ளும். அடுத்த மழைக்குப் பெண்ணை ஒரு லென்ஸோடு உட்கார வையுங்கள். கொட்டிவிட்ட மண்ணை நினைத்து வருத்தப்படாதீர்கள், ஆனால் அது நோய் இல்லை, தென்னைநார்க் கழிவை மட்கவைக்க வேளாண் பல்கலைக்கழகத்துக்காரர்களே சிப்பிக்காளான் வித்தைத்தான் போடச் சொல்கிறார்கள். நார்க்கழிவில் இருக்கிற லிக்னினை உடைப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை, அதை முழுதாக உடைக்கிற திறமை இந்த மாதிரிப் பூஞ்சைகளுக்குத்தான் உண்டு. அவை இல்லாவிட்டால் விழுந்த மரமெல்லாம் விழுந்தபடியே கிடக்கும்.

சென்னையில் கற்கலாமா என்று கேட்டீர்கள். தாராளமாக. பூஞ்சையியலில் இந்த ஊருக்குப் பெரிய பெயர் உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தாவரவியல் உயராய்வு மையம் கிண்டி வளாகத்தில் இருக்கிறது. டி. எஸ். சதாசிவன், சி. வி. சுப்பிரமணியன் எல்லாம் அந்தத் துறையில் இருந்து செய்த வேலையை உலகம் முழுக்கப் படிக்கிறார்கள். கே. நடராஜன் அங்கிருந்து தென்னிந்தியக் குடைக்காளான்களை ஒன்றொன்றாக விவரித்தார்.

பார்க்க இடம் வேண்டுமென்றால் அடையாறு பிரம்மஞான சபைத் தோட்டம், நன்மங்கலம் காட்டோரம், கிண்டி சிறுவர் பூங்கா. வடகிழக்குப் பருவமழை சூடுபிடிக்கிற அக்டோபரிலிருந்து டிசம்பர் வரைதான் அறுவடைக் காலம். கிண்டி தேசியப் பூங்காவில் எதையும் பறிக்கக் கூடாது, சட்டப்படி தப்பு, படம் மட்டும் எடுங்கள். மேலிருந்து ஒன்று, மடிப்பு தெரிய ஒன்று, மற்ற இடங்களில் என்றால் தண்டின் அடியைத் தோண்டி ஒன்று, அப்புறம் அது முளைத்த இடம். பக்கத்தில் ஒரு ஐந்து ரூபாய் நாணயத்தை வைத்துக்கொள்ளுங்கள், அளவு தெரியும்.


புற்றுமண், தாம்பரம்:

சார் சொன்னதற்கு மேல் நான் ஒன்று சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அந்த வாட்ச்மேன் அண்ணனை யாரும் விவரம் இல்லாதவர் என்று நினைத்துவிடக் கூடாது. நானும் செங்கம் பக்கம்தான். எங்கள் ஆயா விடியற்காலை நாலரை மணிக்கு எழுப்பி அரிக்கேன் விளக்கோடு கூட்டிக்கொண்டு போகும், எந்தப் புற்று எந்த வருஷம் காய்த்தது என்று அதற்கு மனப்பாடம். ஒரு புற்றில் பறித்தால் இரண்டு மூன்றை விரிய விட்டுவிட்டுத்தான் வரும்.

புத்துக்காளான் வேறு ஜாதி, டெர்மிட்டோமைசிஸ். கறையான் வளர்க்கிற பயிர் அது. கறையான் சருகையும் கட்டையையும் மென்று தின்னும், ஆனால் முழுதாகச் செரிக்க அதற்குத் தெம்பு கிடையாது. வயிற்று வழியாக வந்ததைப் புற்றுக்குள் பஞ்சு மாதிரி ஓட்டை ஓட்டையான அடையாகக் கட்டிவைக்கும். அந்த அடையில் இந்தப் பூஞ்சை வளர்ந்து கடினமானதையெல்லாம் உடைத்துக் கொடுக்கும், பிறகு அடையையும் பூஞ்சையையும் கறையான் சாப்பிடும். இரண்டில் ஒன்று இல்லாவிட்டால் இன்னொன்று இல்லை. அதனால்தான் பால் காளான், சிப்பிக்காளான் மாதிரி இதற்குக் கடையில் வித்து வாங்கிக் குடிசை போட்டு வளர்க்க முடியவில்லை. சார் சொன்ன நடராஜன் 1979இல் டெர்மிட்டோமைசிஸ் ஹெய்மி என்று ஒரு இனத்தை விவரித்திருக்கிறார், புற்றிலிருந்து வருகிற பெரிய வெள்ளைக் காளான்.

அடையாளம் என்னவென்றால், தொப்பியின் உச்சியில் மண்ணைக் குத்திக்கொண்டு வர ஒரு முனை இருக்கும், தொட்டால் கெட்டியாக இருக்கும். தண்டைப் பிடித்து இழுத்தால் வேர் மாதிரி நீளமாக வந்துகொண்டே இருக்கும், கீழே புற்றின் அடை வரைக்கும் போகும், பாதியில் அறுந்துவிட்டால் ஆயா திட்டும். வித்துத்தூள் இளஞ்சிவப்பு. உங்கள் படத்தில் தண்டின் அடி குமிழ் மாதிரி உருண்டு மேலாகவே முடிந்துவிட்டது, வேர் இல்லை. அண்ணனிடம் கேட்டுப் பாருங்கள், ஊரில் குடையைப் பார்த்தா பறித்தார், புற்றைப் பார்த்தா பறித்தார் என்று.

இடி இடித்தால் காளான் முளைக்கும் என்று எங்கள் ஊரில் சொல்வார்கள். இடியோடு வருகிற மழைதான் புற்றுக்குள் இறங்கி ஊறவைக்கிறது, அப்படிப் பார்த்தால் சொன்னதில் தப்பில்லை. ஆம்பி என்கிற சங்கத் தமிழ்ச் சொல்லும் காளானைத்தான் சொல்கிறது, கறையான் அரித்த பழஞ்சுவரின் புழுதியில் அது பூத்ததாகவே பாடியிருக்கிறார்கள். நம் ஆட்கள் அப்போதே இரண்டையும் சேர்த்துப் பார்த்திருக்கிறார்கள்.


விடியாத ராத்திரி:

நான் இந்தப் பக்கம் எழுதுவதே இல்லை, இதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை. நாலு வருஷம் முன்பு எங்கள் வீட்டுக்குப் பக்கத்துக் காலி மனையில் இதே மாதிரி வெள்ளைக் குடைகள். என் மாமனார் பறித்துக்கொண்டு வந்தார், மஞ்சள் போட்டு வேகவைத்தால் விஷம் இருந்தால் நிறம் மாறிக் காட்டிவிடும் என்றார், மாறவில்லை, மிளகு போட்டு வறுத்து எட்டரை மணிக்கு அவரும் என் கணவரும் சாப்பிட்டார்கள். பத்தரைக்கு வாந்தி ஆரம்பித்தது. விடிகிற வரைக்கும் நிற்கவில்லை. கழிவறைக்குப் போகக்கூடத் தெம்பில்லாமல் மாமனார் கூடத்திலேயே படுத்துவிட்டார், 108ஐக் கூப்பிட்டுத்தான் கொண்டு போனோம்.

அங்கே டாக்டர் முதலில் கேட்டது, எத்தனை மணிக்குச் சாப்பிட்டார்கள், எத்தனை மணிக்கு வாந்தி ஆரம்பித்தது என்று. எனக்கு அப்போது புரியவில்லை. இரண்டு மணி நேரத்துக்குள் ஆரம்பித்தால் பெரும்பாலும் குடலோடு போய்விடும், ஆறு மணி நேரத்துக்கு மேல் ஒன்றும் இல்லாமல் இருந்துவிட்டு அப்புறம் ஆரம்பித்தால்தான் ரொம்ப மோசம், அது கல்லீரலைத் தின்கிற வகை, நடுவில் ஒரு நாள் சரியாகிவிட்டது போலத் தோன்றும், அந்த விஷம் வேகவைத்தாலும் போகாது என்று விளக்கினார். சமைக்காத காளான் ஒன்று குப்பைக் கூடையில் இருந்ததைப் பையில் போட்டு எடுத்துப் போயிருந்தேன், அதைப் பார்த்துவிட்டுத்தான் அவர்களுக்குக் கொஞ்சம் தெளிவு வந்தது. இரண்டு பேரும் மூன்று நாளில் வீட்டுக்கு வந்தார்கள். மஞ்சள், வெள்ளிக்காசு, பூண்டு, புழு அரித்திருந்தால் நாமும் சாப்பிடலாம் என்பது, எதையும் நம்பாதீர்கள். புழுவின் வயிறு வேறு, நம் வயிறு வேறு.


மரத்தடி, வேளச்சேரி:

எல்லாரும் தரையையே பார்க்கிறீர்கள், தெருமரத்தையும் கொஞ்சம் நிமிர்ந்து பாருங்கள். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் அடித்தபோது எங்கள் தெருவில் மட்டும் ஐந்து மரம் சாய்ந்தது, அதில் ஒரு தூங்குமூஞ்சி மரத்தின் அடியில் அதற்கு முந்தின இரண்டு மழைக்காலமாக அரைத்தட்டு மாதிரி ஒன்று ஒட்டிக்கொண்டிருந்ததை நான் தினமும் பார்த்திருக்கிறேன். மேலே பாலீஷ் போட்டது போலச் செம்பழுப்பு, ஓரம் வெள்ளை, சுற்றிலும் கோகோ தூளைத் தூவியது போலப் பழுப்புப் பொடி. அழகாக இருக்கிறதே என்று நினைத்தேன். விழுந்த பிறகு பார்த்தால் அடிமரம் உள்ளே நார் நாராக, விரலால் பிய்க்க வந்தது. கானோடெர்மா. தென்னையில் தஞ்சாவூர் வாடல் நோய் என்கிறோமே, அதற்கும் இந்த இனம்தான் காரணம்.

அந்தத் தட்டை மட்டும் உடைத்து எறிந்தால் மரம் பிழைக்காது, பூஞ்சை முழுக்க உள்ளே இருக்கிறது. கேபிள் புதைக்கத் தோண்டி வேரை அறுத்ததும், அடிமரத்தைச் சுற்றி சிமென்ட் பூசியதும், கண்ட இடத்தில் கிளையை வெட்டியதும்தான் அதற்குக் கதவைத் திறந்துவிட்டது. அதனால் அடிமரத்தில் தட்டுக் காளான் பார்த்தால் வீட்டுக்கும் நடைபாதைக்கும் பக்கத்து மரமாக இருந்தால் விவரம் தெரிந்தவரை வைத்துச் சோதிக்கச் சொல்லுங்கள். ஆனால் ஆளில்லாத இடத்தில் நிற்கிற பட்ட மரத்தை விட்டுவிடுங்கள். எங்கள் பக்கத்துக் காலி மனையில் பட்டுப்போன முருங்கை ஒன்று இருக்கிறது, அதில் மழைக்கு மட்டும் விரிகிற விசிறி மாதிரிக் குட்டிக் காளான், ஸ்கிசோஃபில்லம், வெயிலில் சுருங்கி மடிப்பை மூடிக்கொள்ளும், தண்ணீர் பட்டால் மறுபடி திறக்கும். பூஞ்சை மெதுவாக்கி வைத்த அந்தக் கட்டையில்தான் குக்குறுவான் ஜோடி ஒன்று இந்த வருஷம் பொந்து குடைந்தது. கெட்டிக் கட்டையில் அந்தக் குருவியால் குடைய முடியாது.

அப்புறம் ஒன்று, குடையே விடாத பூஞ்சையும் உண்டு. மாடித்தோட்டத்துக்கு 'வேம்' என்று பாக்கெட்டில் வாங்கிப் போடுகிறோமே, அது வேருக்குள் வாழ்கிற பூஞ்சை. செடி சர்க்கரையைக் கொடுக்கிறது, பூஞ்சை வேர் எட்டாத இடத்திலிருந்து பாஸ்பரஸைக் கொண்டுவந்து கொடுக்கிறது. நம் வேம்பு, புளி எல்லாவற்றின் வேரிலும் இந்தக் கொடுக்கல் வாங்கல் ஓடிக்கொண்டிருக்கிறது. கண்ணுக்குத் தெரிவதில்லை, அவ்வளவுதான்.


மாடித்தொட்டி, நங்கநல்லூர்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. நேற்று ராத்திரியே பிடுங்கிய காளான்கள் எல்லாவற்றையும் தனியாக எடுத்து வைத்துவிட்டேன், சமையலறைப் பக்கமே கொண்டு போகவில்லை. பெண் வெள்ளைத் தாளையும் கருப்புச் சார்ட்டையும் ஒட்டித் தாள் தயார் செய்தாள், ஒன்பது மணிக்குத் தொப்பியை வைத்துச் சாம்பார்க் கிண்ணத்தைக் கவிழ்த்தோம். காலை ஆறு மணிக்கு அவள்தான் முதலில் எழுந்தாள். தூக்கிப் பார்த்தால் வெள்ளைத் தாளில் பாசிப்பயறை அரைத்துத் தடவியது போல, மங்கின பச்சை. நடுவில் தண்டு இருந்த இடம் மட்டும் வெறும் வட்டம், அதிலிருந்து கோடு கோடாக. ஊதினால் பறந்துவிடும் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தோம். கருப்புப் பக்கம் வெளிறித் தெரிந்தது, நிறம் பிடிபடவில்லை.

அந்தத் தாளைக் கொண்டுபோய் வாட்ச்மேன் அண்ணனிடம் காட்டினேன். புற்றுமண் கேட்கச் சொன்னதையும் கேட்டேன். ரொம்ப நேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஊர்ல புத்தைத்தான்மா தேடிப் போவோம், புத்து இருந்தா காளான் இருக்கும். இங்க புத்தே இல்லையே, அதை நான் பாக்கலையே" என்றார். அப்புறம் அவரே மீதிக் குடைகளைப் பிடுங்கிக் குழி தோண்டிப் புதைத்துவிட்டார், கீழ்வீட்டில் இரண்டு வயதுக் குழந்தை இருக்கிறது. பிடுங்கும்போது ஒவ்வொன்றின் அடியையும் எனக்குத் திருப்பிக் காட்டினார், குமிழ்தான், வேர் இல்லை.

புல்லையும் பார்த்தோம். சார் சொன்ன கரும்பச்சை ஓரம் இருக்கிறது, இத்தனை நாள் எப்படிக் கண்ணில் படவில்லை என்று தெரியவில்லை. வட்டத்தைக் குறுக்கே அளந்தால் 2 மீட்டர் 40 சென்டிமீட்டர். ஒரு கேள்வி சார், இது அடுத்த வருஷம் எவ்வளவு பெரிதாகும்?


பழைய மைக்ராஸ்கோப்:

பச்சைத்தூள் என்றால் அதேதான், சந்தேகம் வேண்டாம். எவ்வளவு வளரும் என்று நான் சொல்ல மாட்டேன், மண்ணையும் மழையையும் பொறுத்தது. காளான்கள் நின்ற இடத்தில் நாலு பக்கமும் செங்கல் துண்டு ஒன்றைப் புல் மட்டத்துக்குப் புதைத்து வையுங்கள். புல் வெட்டுகிறவரிடம் மறக்காமல் சொல்லிவிடுங்கள். அடுத்த அக்டோபரில் பெண் அளந்து சொல்லட்டும், எனக்கும் தெரிந்துகொள்ள ஆசைதான்.


மாடித்தொட்டி, நங்கநல்லூர்:

புதைத்தாயிற்று சார். நாலு பக்கம் போதாது என்று எட்டு வைத்திருக்கிறாள். தேதியும் அளவும் நோட்டில் எழுதியாயிற்று, தாளைக் கண்ணாடிச் சட்டத்துக்குள் போட்டுவிட்டோம்.